எனக்கு நினைவில்லை என்று நான் சொன்ன மெட்டு

நான் பொய் சொன்னேன். நாற்பது பேர் அமர்ந்திருந்த ஒரு கூடத்தில் என் சிநேகிதி என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். "எனக்குச் சரியாக நினைவில்லை" என்றேன். எல்லாம் நினைவிருந்தது. ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு சொல்லும்... இன்றும் இருக்கிறது.

இதுவும் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மெட்டு எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, யார் குடி முழுகிப்போயிற்று? முதல் ஆறு மாதம் நானும் இதையே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். நன்றாகத் தேறினேன், வெட்கமில்லாமல்!

நான் ஜெர்மனியில், வுப்பர்டாலில் வளர்ந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்றால் என்னவென்று தெரியும்: காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் பரதமோ மிருதங்கமோ வயலினோ. என் தலையில் வயலின் விழுந்தது. பதினொரு வருடம் தரையில் சம்மணமிட்டு வாசித்தேன். அரங்கேற்றம் முடிந்த மறுவாரம் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

அதைக் கீழே இறக்கியது டார்ம்ஸ்டாட் நகரம். அப்போது எனக்குத் திருமணமாகி பிராங்பேர்ட்டில் குடியிருந்தோம். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருத்தி, செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து ஊரான டார்ம்ஸ்டாட்டில் ஓர் உணவகத்தின் பின்னறையில் சிலர் கூடி அமெரிக்க மலைநாட்டு இசை வாசிக்கிறார்கள் என்று அழைத்துப் போனாள். பாஞ்சோ, பிடில், மாண்டலின். பழையதை 'ஓல்ட் டைம்' என்கிறார்கள். அதையே வேகமாக்கி மேடைக்குக் கொண்டுவந்தால் 'புளூகிராஸ்'. பிடில் என்றால் வேறொன்றுமில்லை, நம் வயலின்தான். ஒரு மணி நேரம் கேட்டேன். அடுத்த தடவை என் பெட்டியோடு போனேன்.

அந்த வட்டத்தை நடத்தியவர் யூர்கன். கட்டடப் பொறியாளர், மாண்டலின் வாசிப்பவர், அந்த இசையைப் பற்றி அச்சான எல்லாப் புத்தகத்தையும் வாங்கி அடுக்கியிருப்பவர். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இருந்து கப்பலேறியவர்கள் அந்த மலைகளில் போய்க் குடியேறி, கலப்படமின்றிப் பாதுகாத்த இசை இது என்பது அவருடைய வேதம்.

டெனிஸ் அங்கே பாஞ்சோ வாசித்தாள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஒரு ஜெர்மானியரை மணந்து டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து, ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். என் வயதுதான். யூர்கன் தன் வேதத்தை ஓதும்போதெல்லாம் அவள் பாஞ்சோவைத் தட்டிக் காட்டுவாள். இந்த வாத்தியம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்தது, இதை எந்த ஸ்காட்லாந்துக்காரர் கப்பலில் ஏற்றினார் என்று கேட்பாள். யூர்கன் சிரித்துவிட்டு, வாத்தியம் வேறு, மெட்டு வேறு என்பார்.

எனக்கும் அவளுக்கும் அந்த விஷயத்தில் ஒரு கேலி உண்டு. ஐரோப்பாக்காரரின் வயலினைக் காலில் சாய்த்து வைத்து எங்களுடையது என்று சொன்னவர்கள் நாங்கள் என்பேன். நீங்களாவது எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்களே என்பாள்.

ஒருநாள் அவள் எனக்கு ஒரு கேசட் கொடுத்தாள். அவளுடைய அம்மாவின் மாமா எஸ்ரா, சமையலறையில் உட்கார்ந்து பாஞ்சோ வாசிக்க, அம்மா பதிவு செய்தது. அவர்கள் இருவரும் போய்விட்டார்கள், மிஞ்சியது இந்த ஒரே பதிவு. அதில் ஒரு மெட்டு... அதை எப்படிச் சொல்வேன்! நடந்துகொண்டிருப்பவர் நடுவழியில் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் ஓர் இடம் அதில் வரும். வாசித்து முடித்துவிட்டு எஸ்ரா பேசுவார். "இதற்குப் பெயர் கிடையாது. இது என் பாட்டனாருடையது. அவர் பிறக்கும்போது அடிமை. எசமானின் விருந்துகளுக்கு இதை வாசித்தார். விடுதலையான பிறகு அவர்களுக்கு வாசிக்கவில்லை, எங்களுக்கு மட்டும்தான் வாசித்தார்."

வீட்டில் ஆற அமரக் கேட்டுப் பழகவேண்டும் என்று கேசட்டை இரவல் வாங்கிப் போனேன். அப்பா வுப்பர்டாலிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய கேசட் ரேடியோவில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு கொப்பியில் எழுதினேன். எனக்கு மேலைநாட்டு இசைக்குறிப்பு வராது. சனிக்கிழமை வகுப்பில் பழகியபடி ச ரி க ம என்றுதான் எழுத வரும். மேலே எஸ்ராவின் பெயர், கீழே அவர் பேசியது, சொல்லுக்குச் சொல் தமிழில்.

எழுதி முடித்த மறுநாள் அந்த ரேடியோ கேசட்டைத் தின்றுவிட்டது. நாடாவை வெளியே இழுத்தபோது கசங்கி, இரண்டு இடத்தில் அறுந்து வந்தது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், ஒட்டிப் பார்த்தேன். பிறகு இரைச்சல்தான் கேட்டது.

டெனிஸிடம் போய் அழுதேன். அவள் அழவில்லை. அந்த நாடாவை மடியில் வைத்து, கசங்கிய இடங்களை நகத்தால் நீவினாள். நீ எழுதி வைத்தாயா என்று கேட்டாள். என் கொப்பியை எடுத்து வாசித்து, ஜெர்மனில் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். கடைசியில் என் முழங்கையைப் பிடித்து, "சரி, இனி நீதான் அந்த கேசட்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கடிந்த சொல்கூட இல்லை. அவள் அன்று என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் பின்னர் நான் இதைச் செய்திருக்க மாட்டேனோ? தெரியவில்லை. அவளுடைய பெருந்தன்மைமீது பழி போடுகிறேன், பார்த்தீர்களா!

அந்த மெட்டை நாங்கள் மேடையில் வாசிக்கத் தொடங்கினோம். டெனிஸ் பாஞ்சோவில் ஆரம்பிப்பாள், இரண்டாம் சுற்றில் நான் சேர்வேன். யூர்கனுக்கும் அது பிடித்துப்போயிற்று. போகுமிடமெல்லாம் அதற்குத்தான் கைதட்டல்.

ஒரு வசந்தகாலத்து ஞாயிறு பிற்பகல், ஒரு தேவாலயக் கூடத்தில் கச்சேரி. நாட்டார் இசைச் சங்கம் ஒன்று ஏற்பாடு செய்தது. ஸ்காட்லாந்து முதல் அமெரிக்க மலைகள் வரை என்பது தலைப்பு. அவர்களுக்குப் பிடித்தால் கோடையில் பெரிய விழாவுக்கு அழைப்பார்கள், இசைத்தட்டும் போடுவார்கள், அதில் என் வயலின்தான் முன்னுக்கு நிற்கும் என்று யூர்கன் சொல்லியிருந்தார். நான் வாரக்கணக்கில் அந்த நினைப்பிலேயே திரிந்தேன்.

வாசலில் கொடுத்த துண்டுத்தாளில் எஸ்ராவின் மெட்டுக்கு நேரே, 'மரபு மெட்டு, ஸ்காட்லாந்து' என்று இருந்தது. யூர்கன் எழுதியது. டெனிஸ் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். மேடையில் அந்த மெட்டு வந்தபோது ஒலிவாங்கிக்கு அருகே போய், இது என் அம்மாவின் மாமாவுடைய மெட்டு, அவருக்கு அவருடைய பாட்டனாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

கச்சேரி முடிந்ததும் கேள்வி நேரம். சங்கத்தின் அறிஞர் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர், மிகவும் மரியாதையானவர். இடைவேளையில் என்னிடம் வந்து, கண்ணை மூடிக் கேட்டால் நீங்கள் அந்த மலையில் பிறந்தவர் என்றே சொல்வேன் என்று பாராட்டியவர். என் விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் விதத்தை வியந்து, அசலான ஸ்காட்லாந்து வழுக்கல் என்றார். அது கமகம்! வுப்பர்டாலில் ஒரு பாடசாலை வகுப்பறையில், ஆசிரியை என் விரலில் தட்டித் தட்டிப் பழக்கியது! என் கமகத்துக்கே அவர் ஸ்காட்லாந்துப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார். நான் உச்சி குளிர்ந்து வாங்கிக்கொண்டேன்.

அவர் டெனிஸிடம் தன்மையாகத்தான் கேட்டார். மெட்டின் பின்பாதி ஒரு பழைய ஸ்காட்லாந்துத் தொகுப்பில் உள்ள ஆட்டப்பாட்டைப் போலிருக்கிறது, குடும்ப நினைவுகள் இனிமையானவை, ஆனால் அவை ஆதாரமாகா, பதிவு ஏதும் உண்டா என்றார்.

ஸ்காட்லாந்திலிருந்து எதுவுமே வரவில்லை என்று தான் சொல்லவில்லை என்றாள் டெனிஸ். அந்த ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்டுத்தான் வாசித்தார்கள். ஆனால் இந்த மெட்டு எந்தக் கைகளின் வழியாக வந்தது என்பது தனக்குத் தெரியும் என்றாள். "பதிவு இருந்தது. இப்போது இல்லை. ஆனால் இவள் கேட்டிருக்கிறாள்."

கவனித்தீர்களா? இப்போது இல்லை என்றாள். யாருடைய வீட்டில் அழிந்தது என்று சொல்லவில்லை. அந்த நேரத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "தர்ஷினி, எஸ்ரா என்ன சொன்னார் என்று இவர்களுக்குச் சொல்" என்றாள்.

நாற்பது முகங்கள். யூர்கன் தன் மாண்டலினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசிரியர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், இடைவேளையில் புன்னகைத்த அதே மாதிரி.

"கேசட் தெளிவாக இல்லை" என்று மென்று விழுங்கினேன். "எனக்குச் சரியாக நினைவில்லை."

ஆசிரியர் அனுதாபத்தோடு தலையசைத்தார். யூர்கன் உடனே இன்னொரு பாட்டு வாசிக்கலாம் என்றார். டெனிஸும் வாசித்தாள். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. பிறகு பாஞ்சோவைப் பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் பூட்டி, நடு வழியாக நடந்து வெளியே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கணவர் கார் கொண்டுவந்து வெளியே காத்திருந்தார். விழாவுக்கு அழைப்புக் கிடைத்துவிட்டது என்று உற்சாகமாக ஏறி உட்கார்ந்தேன். ஆம், உற்சாகமாக...

"டெனிஸ் எங்கை? அவவையும் வீட்டிலை விட்டிட்டுப் போவம்" என்றார்.

"அவ முதலே போட்டா."

ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் காரை எடுக்கவில்லை.

"உமக்கு ஞாபகம் இருக்குத்தானே?"

"ஓம்."

"பிறகேன் இல்லையெண்டு சொன்னனீர்?"

"அந்த இடத்திலை வீண் பிரச்சினை வேண்டாமெண்டு பாத்தன்."

"பிரச்சினை ஆருக்கு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

பயந்துவிட்டாய் என்று நீங்கள் சொல்வீர்கள். அகதிகளின் பிள்ளை, வெள்ளைக்காரர் கூட்டம், வாய் அடைத்துப்போயிற்று என்று எனக்காக நீங்களே ஒரு நியாயம் தேடுவீர்கள். வேண்டாம். அன்று எனக்குப் பயமே இல்லை, சுகமாக இருந்தது! இந்த நாட்டில் நான் போன எந்தக் கூட்டத்திலும், உண்மையில் எந்த ஊர் என்று யாராவது கேட்காமல் விட்டதில்லை. அன்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மலையில் பிறந்தவள் என்றார்கள். அந்தப் பாராட்டு இன்னும் ஒரு மாலை நீடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு விலையாக, எஸ்ராவின் பாட்டனாரை அவருடைய மெட்டிலிருந்து வெளியே தள்ளினேன்.

அடிமையாகப் பிறந்த ஒருவர், தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஒரு பொருள்... அதையும் நான்!

டெனிஸ் அதன் பிறகு வட்டத்துக்கு வரவில்லை. யூர்கன் வேறொரு பாஞ்சோக்காரரைப் பிடித்தார். இசைத்தட்டு வந்தது. ஏழாவது பாட்டு: மரபு மெட்டு, ஸ்காட்லாந்து. வயலின்: என் பெயர். என் அம்மா அதை வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்.

இரண்டு வருடம் கழித்து டெனிஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாம் நினைவிருந்தது, அன்றும் இருந்தது என்று எழுதினேன். எஸ்ரா பேசியதை முழுவதும் மொழிபெயர்த்து வைத்தேன். மன்னித்துவிடு என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன், பிறகு எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது.

பதில் வந்தது. எஸ்ராவின் வார்த்தைகளை அனுப்பியதற்கு நன்றி சொல்லியிருந்தாள். அதன் கீழே: "என்னிடம் சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்பே தெரியும். அந்தக் கூடத்தில் இருந்தவர்களிடம் சொல்."

எவ்வளவு சின்ன வேலை! யூர்கன் செவ்வாய்தோறும் என் எதிரேதான் உட்காருகிறார். வாயைத் திறப்பேன். அவர் ஒன்று, இரண்டு என்று தாளம் எண்ணத் தொடங்குவார். நானும் வில்லை எடுத்துவிடுவேன். அந்தச் சங்கம் வருடந்தோறும் அதே கூடத்தில் கூடுகிறது. டெனிஸின் பதிலுக்குப் பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஜெர்மனில் எழுதிய தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. அந்த ஆசிரியர் என் வாசிப்பை இன்னும் பாராட்டுகிறார். நான் இன்னும் நன்றி சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்காமல். சொல்லச் சொல்ல வார்த்தை தானாக வந்தது. ஜெர்மனில் இரண்டு வருடமாக வாயில் வராத வார்த்தைகள்! நெஞ்சு இலேசாகிறதா என்று பார்க்கிறேன். இல்லை. ஏனென்றும் எனக்குத் தெரியும்.

அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதினேன்.