வீரம்மா கட்டிய பீப்பாய்கள்

இலங்கையில் கெலிஓயாப் பக்கம், மகாவலி ஆற்றின் அக்கரையில் இருந்த காப்பித் தோட்டத்தில் தொட்டியில் பழம் கழுவுவது வீரம்மாவின் வேலை. மிதக்கிற சொத்தையை வழித்தெறிந்து, மூழ்குகிற நல்ல பழத்தை எடுத்தெடுத்து, தண்ணீரின் குணம் அவளுக்கு அத்துப்படி.

அவள் புருஷன் இருளப்பன் தோட்டத்துத் தெப்பக்காரன். ஒரு நாள் தெப்பம் சரிந்து, பழம் உரிக்கும் புது இரும்பு இயந்திரம் ஆற்றுக்குள் போய்விட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை குதிகுதியென்று குதித்தார். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அது கரைக்கு வரலன்னா, தெப்பம் வேற ஆளுக்கு!"

எட்டு மாடு பூட்டி இழுத்தார்கள். சேறு விடுமா? இன்னும் புதைந்ததுதான் மிச்சம்.

வீரம்மா சொன்னாள்: "ஏங்க, வெறுங்குடத்தத் தண்ணிக்குள்ள அமுக்கினா கையவே மேல தள்ளுதில்ல? ஆறு வத்தியிருக்கிறப்பவே காலிப் பீப்பாய்களை அதோட இறுக்கிக் கட்டுங்க. மலையில மழை பேஞ்சா ஆறே தூக்கிக் குடுக்கும்."

இருளப்பன் சும்மா இருந்தானா? தேடிக் கொண்டுவந்த பத்துக் காலிச் சாராயப் பீப்பாய்களும் இன்னும் லேசாகட்டுமென்று வெயிலில் காயப்போட்டான்! மரம் சுருங்கி, பலகைக்குப் பலகை விரிசல். புதன்கிழமை ஆற்றில் இறக்கியதும் அத்தனையும் தண்ணீர் குடித்து மூழ்கின. கரையில் ஒரே சிரிப்பு.

வீரம்மாவுக்கு வந்ததே கோபம்! "பழம் வாறதுக்கு முன்னாடி மரத்தொட்டிய ஊறப்போடுறோமே, எதுக்குன்னு நெனச்சீங்க? அப்படியே ஊறட்டும். மரம் உப்பி விரிசல் அடைச்சுக்கும்."

வெள்ளிக்கிழமை காலை தண்ணீரை வடித்து, பீப்பாய்களின் வாயை இறுக அடைத்தார்கள். இருளப்பன் முங்கி முங்கி அவற்றை இயந்திரத்தோடு கயிறு போட்டுக் கட்டினான். வீரம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு கயிற்றையும் சுண்டிப் பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. உச்சிப்பொழுதில் தொரை வந்தார், கூடவே புதுத் தெப்பக்காரன்.

பின்னேரம் ஆற்றின் மேல்பக்கம், புசல்லாவை மலையில் மேகம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு செம்மண் நிறத்தில் ஏறியது. பீப்பாய்கள் மேலே வரவில்லை. கழுத்தளவு அமிழ்ந்து கயிறு கிறீச்சிட்டது. 'போச்சு' என்றான் யாரோ ஒருவன்.

திடீரென்று சேறு விட்டது. பத்துப் பீப்பாயும் ஒரே குதியாகத் துள்ளி எழ, அடியில் இரும்பு தொங்கியபடி வந்தது! அட, வீரம்மா போட்ட சத்தம் அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

மாடுகள் அதைக் கரைக்கு இழுத்ததும் தொரை இருளப்பன் தோளில் தட்டினார். "தெப்பம் உனக்குத்தான்."

"எனக்கு வேணாங்க தொரை," என்றான் இருளப்பன், எல்லோருக்கும் கேட்க. "நான் பீப்பாயக் காயப்போட்ட மடையன். தெப்பத்த வீரம்மா பேர்ல எழுதுங்க. நான் அவகிட்ட வேலைக்கிருந்து துடுப்புப் போடுறேன்."

தொரை எழுதினார்.