பச்சோந்திக்கு வெயில் காட்டினேன்

போன செவ்வாய்க்கிழமை நானும் மருமகனும் இன்டர்லாக்கனில் இருந்து பேர்ணுக்கு ரெயினில் போனோம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நோயாளி. பிளாஸ்ரிக் பெட்டிக்குள், என்னுடைய கம்பளிச் சால்வைக்குள்ளே, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

முன் சீற்றில் இருந்த சுவிஸ் மனுசி "பூனையோ?" என்று ஆசையாகக் கேட்டா. மருமகன் மூடியைக் கொஞ்சம் நீக்கிக் காட்டினார். மனுசி பையைத் தூக்கிக்கொண்டு வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

ஓம்... பச்சோந்தி. இந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு திரிவேன் என்று யார் கண்டது?

மருமகன் பாலன் ஒரு ஹோட்டலில் சமையல். பிள்ளைகள் படிக்கவென்று சூரிச்சுக்குப் போனபிறகு மனுசனுக்கு வீடு வெறுத்துப் போனது. ஏதாவது ஒரு உயிர் வளர்க்கவேணும் என்றார். நாயென்றால் முடி கொட்டும், பூனையென்றாலும் முடி கொட்டும் என்றாள் என் மகள் சுதா. "முடியில்லாத ஒண்டாப் பாருங்கோ" என்று பகிடிக்குச் சொன்னாள். அவர் அதை உண்மையென்று எடுத்துவிட்டார்.

கன்டோன் அரசுக்கு எழுதிப்போட்டு அனுமதியும் எடுத்தார். எனக்கு விசா தர எத்தனை வருஷம் இழுத்தார்கள்! இதற்கு ஒரு விசாரணைகூட வைக்கவில்லை.

வந்தது சின்னக் குஞ்சு. ஒரு கண் என்னைப் பார்க்கும், மற்றக் கண் குசினி அடுப்பைப் பார்க்கும். எங்கள் ஊர் நிர்வாகம் பார்த்த விதானையாரும் அப்படித்தான் — உங்களோடு கதைத்தபடி உங்கள் வளவில் எத்தனை தென்னை நிற்குது என்று பார்ப்பார். அதனால் நான் விதானையார் என்றே பெயர் வைத்தேன்.

கூட்டுக்கு மேலே ஒரு லைற். பாலன் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டுத்தான். "மாமி, அந்த லைற்றை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

எனக்கோ சொல்லுகிறார்? நாலு பிள்ளை வளர்த்தவள் நான்.

பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்கு எரிந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. வெளியே சூரியன் நிற்க, உள்ளே விளக்குக் கொளுத்துவது சூரியனைப் பழிக்கிற மாதிரி. அப்படித்தான் நான் கேட்டு வளர்ந்தது, அப்படித்தான் நடந்தேன். ஆகவே அவரும் சுதாவும் வேலைக்குப் படி இறங்கினதும் சுவிச்சை நிப்பாட்டுவேன். சில்லு வைத்த மேசைதானே, கூட்டை யன்னலோரம் உருட்டிக்கொண்டுபோய் நல்ல வெயிலில் விடுவேன். யன்னல் பூட்டினபடி. திறந்தால் பிள்ளைக்குக் குளிர் பிடிக்காதோ? பின்னேரம் அவர்கள் வருமுன்னம் எல்லாம் பழையபடி.

பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னம் விதானையாரின் குறி தவறத் தொடங்கியது. வெட்டுக்கிளி அங்கே இருக்கும், நாக்கு இங்கே விழும். விளையாட்டென்று நினைத்தேன். பிறகு அந்தப் பச்சை மங்கி மண்ணிறமானது. கொப்பில் ஏறும்போது முன்கால் நடுங்கியது. ஒருநாள் தொப்பென்று விழுந்தது. கடைசியில் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டது. அதையும் நான் உண்ட களை என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் மத்தியானம் சோறு தின்றால் எப்படி இருப்பார்கள்?

பாலன் பார்த்த உடனே முகம் வெளிறிப் போனார். "பகலிலை கண் மூடினால் நோய் வருத்தம் கடுமை மாமி." ஒருநாளும் லீவு எடுக்காத மனுசன், வீட்டில் சுகமில்லையென்று செஃப்புக்குச் சொன்னார். "மாமியாருக்கோ?" என்று செஃப் கேட்டாராம். இவரும் ஓம் என்றுவிட்டார்.

பேர்ணில் மிருக டொக்டர் ஒரு இளம் பெண். விதானையாரின் தாடையை விரல் நுனியால் அமத்திப் பார்த்தா. கால்களைத் தடவினா. அவ கதைத்ததில் பாதி எனக்கு விளங்கியது, மீதியை மருமகன் சொன்னார். எலும்பு மெத்தென்று போகுதாம்.

"லைற் எத்தனை மணித்தியாலம் எரியுது?"

"பன்னிரண்டு. ஒரு நாளும் தவறினதில்லை" என்றார் பாலன், நெஞ்சை நிமிர்த்தி.

டொக்டரின் நெற்றி சுருங்கியது. அப்படியென்றால் இது வேறு வருத்தம், சிறுநீரகமாகவும் இருக்கலாம் என்றா. மயக்கிப் போட்டு இரத்தம் எடுக்கவேணும். இவ்வளவு சின்ன உடம்பு... மயக்கத்திலேயே போனாலும் போகலாம்.

பாலன் "சரி" என்று மெல்லச் சொன்னார். 

நான் கதிரையில் இருக்கிறேன். மருமகனுக்கு முன்னால் "என்ர பிழை" என்று இதுவரை நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததுமில்லை — அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். அப்போது பார்த்து விதானையார் ஒரு கண்ணைத் திறந்தார். டொக்டரைப் பார்க்கவில்லை, மருமகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான்.

"தம்பி, பொறுங்கோ. லைற்றை நான் நிப்பாட்டினனான்."

"எப்ப மாமி?"

"நீங்கள் வேலைக்குப் போற நாளெல்லாம்."

பாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார்... துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சும்மா விடேல்லை. யன்னல் வெயிலிலைதான் வைச்சனான்" என்றேன். 

அவர் அதை ஜேர்மனில் சொல்ல, டொக்டர் சிரித்தா! யன்னல் கண்ணாடியால் சூடு வருமாம், எலும்புக்கு வேண்டிய கதிர் வராதாம். அந்த லைற்றில்தான் அது இருக்காம். அது இல்லாவிட்டால் விற்றமின் டி இல்லை, கல்சியம் எலும்பில் ஒட்டாது. இப்போது காரணம் தெரிந்துவிட்டது, மயக்கமும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம். கல்சியத் தண்ணி, லைற், விழுந்தாலும் அடிபடாமல் தாழ்ந்த கொப்பு. பிழைக்கும். வளைந்த முன்கால் மட்டும் இனி வளைந்ததுதான்.

அந்தக் கால் என் கணக்கில்.

"இதுகள் வருத்தத்தை ஒளிக்கும்" என்றா டொக்டர். காட்டில் ஏலாத்தனத்தைக் காட்டினால் வேறு மிருகம் வந்து விழுங்கிவிடுமாம். அதனால் வெளியே தெரியும்போது வருத்தம் முற்றியிருக்கும்.

பாலன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாமி... விற்றமின் டித் துளி உங்களுக்கும் ஆஸ்பத்திரியிலை தந்தவையெல்லோ?"

தந்தார்கள்தான். "குடிச்சிட்டியளோ அம்மா?" என்று சுதா நித்தம் கேட்பாள். "ஓம்" என்பேன். போத்தல் சாமிப்படத்துக்குப் பின்னால், மூடி திறக்காமல். முழங்கால் நோகும்போது படியில் நின்று தபால் பெட்டியைப் பார்க்கிற மாதிரி நிற்பேன். காட்டில் சரி... மகள் வீட்டில் என்னை யார் விழுங்கப் போகினம்?

திரும்பி வரும் ரெயினில் மருமகன் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரி தெரிந்ததும் கேட்டார்:

"நாளைக்குச் செஃப் உங்கட சுகம் விசாரிப்பார். என்ன சொல்ல?"

"எலும்பு பலமில்லையாம் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாடா.

நேற்று விதானையார் முதல் எறியிலேயே வெட்டுக்கிளியைப் பிடித்தார். நானும் போத்தலைத் திறந்துவிட்டேன். காலமையில் அவருக்குக் கல்சியம், எனக்குத் துளி. பிறகு நான் பல்கனியில், கண்ணாடிக்கு வெளியே.

வீட்டுக்குள் பட்டப்பகலில் லைற் எரிகிறது. சூரியன் இன்னும் கோவித்த மாதிரித் தெரியவில்லை.