செம்பரம்பாக்கம் போகும் வழியில் ஒரு 'நீங்க'

வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்திருக்கிறது என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு ஷேர் ஆட்டோ. பூந்தமல்லிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஓட்டியவர் சேகர். அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் நண்பர் பாஷா. பின்னால் நானும் ஒரு பூக்கார அம்மாவும். தொழிற்பேட்டையைத் தாண்டுவதற்குள் முன்னால் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"உன் கல்யாணம் முடிவானத நான் டீக்கடையில கேட்டுத் தெரிஞ்சிக்கணுமாடா?" என்றார் பாஷா.

"போன் போட்டேன் மச்சான், நீதான் எடுக்கல. லூசு மாரி பேசாத."

வசவு ஏறிக்கொண்டே போனது. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. "சண்டை போடாதீங்க, ரோட்டப் பாருங்க" என்றேன்.

"யக்கா, நாங்க பேசிகினு கீறோம். உனுக்கு இன்னா?" என்றார் பாஷா. சேகரும் தலையாட்டினார். மூக்குடைபட்டது மட்டுமல்ல, அந்த 'உனுக்கு' வேறு சுருக்கென்றது.

வானகரம் தாண்டியதும் சேகரிடம் பாஷாவின் குரல் இறங்கியது. "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க."

அப்பாடா, சமாதானம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் பூனையைக்கூட விரட்ட மாட்டோம். பூக்கார அம்மா என் கையைத் தட்டினார். "இப்பதாம்மா சண்டையே. 'மச்சான்' பூடுச்சி, 'நீங்க' வந்துச்சி பாரு."

7.25க்குப் பூந்தமல்லி. பாஷா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சேகர் வண்டியை விட்டு அசையவில்லை.

"ஒண்ணாப்புலேர்ந்து கூட இருக்கறவன். மாப்ளத் தோழனா அவந்தான் நிக்கணும். அவன் இல்லாம எப்டிக்கா தாலி கட்றது?"

மறுபடி மூக்குடைபட்டாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன். "போன் போட்டது பத்தாதுங்க. ஓடிப்போய்க் கூப்பிடுங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வந்தார்கள். 'டேய்' காதில் விழுந்த பிறகுதான் இறங்கினேன்.

அங்கிருந்து ஏரிக்கு ஏழு கிலோமீட்டர், பேருந்து உண்டு. எட்டரைக்குள் போய்விடுங்கள், கரையில் நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில் அவசியம். இந்தப் பக்கம் வண்டியில் 'டேய், மச்சான்' என்று வசவு கேட்டால் வேடிக்கை பாருங்கள், போதும். 'நீங்க' கேட்டால் தயங்காமல் உள்ளே புகுந்துவிடுங்கள்.

கிளம்பும்போது பாஷா சொன்னார்: "யக்கா, கல்யாணத்துக்கு நீ வந்துடு." அந்த 'நீ' எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.