குனியெதா சான் நுழையாத அறை

எட்டு வருஷம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் மிசாவோ குனியெதா; மரியாதைக்கு 'சான்' சேர்த்து, குனியெதா சான் என்போம். ஒசாகாவில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த சின்ன வீடியோ கேம் கம்பெனி எங்களுடையது. எங்கள் விளையாட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் பள்ளி விட்டதும் போன் செய்வார்கள். எடுத்துப் பதில் சொல்வது அவர் வேலை. நீலக் கதவுக்கு இடது பக்கம் குண்டு வைக்கச் சொல்லும் தோரணையில், விளையாட்டில் வரும் கோட்டையிலேயே குடியிருந்தவர் போலத் தெரிவார்.

உண்மையில் அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் தந்த குறிப்புகளைக் கோப்பில் அடுக்கிவைத்துப் பார்த்துச் சொன்னார். இது எனக்கு மட்டும் தெரியும். "வெளியில சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்தப் பிள்ளைங்களே என்னை வேலையை விட்டுத் தூக்கிடும்" என்பார்.

கணவர் இல்லை. மகள் ஏப்ரலில் மேல்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். 1992 ஜனவரியில், அவர் வீட்டருகே ஒரு பல் மருத்துவர் வரவேற்பில் உட்கார ஆள் தேடி இவரைக் கேட்டார். சம்பளமும் கொஞ்சம் கூடுதல். ஓய்வு வரை இங்கேயே இருந்துவிடலாம் என்று குனியெதா சான் மறுத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு மாலை நகோயாவிலிருந்து ஒரு சிறுமி கூப்பிட்டாள். கடைசிக் கோட்டையில் பேயே இல்லாத ஓர் அறையாம், சுவர் முழுக்க எழுத்தாம். கோப்பில் அப்படி அறை எதுவும் இல்லை. வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தவரின் பேனா பாதியில் நின்றது. பிறகு மெதுவாக எழுதி முடித்தார். எட்டிப் பார்த்தேன்.

'குனியெதா சான், கம்பெனி மார்ச்சோடு மூடப்படுகிறது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லி, வாய் திறக்கக் கூடாதென்று முதலாளி வாக்கு வாங்கியிருக்கிறார்; அதனால் இங்கே எழுதுகிறேன். வேறு வேலை பாருங்கள். நிஷிவாகி.'

எனக்கும் அதே மார்ச்தானே.

"அது ஒண்ணும் இல்லம்மா. வெளிய வந்து படிக்கட்டுல ஏறு" என்று சிறுமியிடம் சொல்லி போனை வைத்தார். தாளைக் கொண்டுபோய் நிஷிவாகியின் மேசையில் போட்டார். புரோகிராம் எழுதுபவர்களில் மூத்தவர் அவர். பார்த்ததும் வெளிறிப்போனார்.

"நவம்பர்லயே இந்தப் புது விளையாட்டோட கேசட்டை உங்க கையில கொடுத்தேனே, குனியெதா சான்? அந்த அறையைப் பிள்ளைங்க கண்டுபிடிக்க வருஷமாகும், நீங்க ஒரே வாரத்துல அங்க போய்ச் சேர்ந்துடுவீங்கன்னு நம்பினேன்."

"நான் விளையாடினதே இல்ல."

டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார்.

குனியெதா சான் திரும்பி வந்து பல் மருத்துவருக்கு போன் செய்தார். மிக மரியாதையாகப் பேசினார். போனுக்கு முன்னால் இரண்டு முறை தலை குனிந்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடி ஆள் எடுத்துட்டாங்களாம்" என்றார் எங்களிடம். குரலில் யார் மேலும் குறையில்லை. நிஷிவாகிதான் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிறகு குனியெதா சான் அவர் மேசையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். கதவைத் தட்டினார்; உள்ளேயிருந்து பதில் வருமுன் திறந்தார்.