பாலம் தாண்டியதும் நடுங்கிய வண்டி

மார்லிஸ் ஹெக்ஸ்டாடின் தம்பி டெல்மர் செத்த பிறகு, அவனுடைய பிக்கப் வண்டியைத் தொட யாருக்கும் மனமில்லை. அவன் கடைசியாக ஓட்டிய வண்டி அது. ஜனவரியில், மில்க் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய இறக்கத்தில், சாலையை விட்டு இறங்கிப் பனிப் பள்ளத்தில் மூக்கைச் செருகி நின்றிருந்தது. முன் பம்பர் கொஞ்சம் நெளிந்ததைத் தவிர வண்டிக்கு ஒன்றுமில்லை. டெல்மர் இறங்கி வீட்டை நோக்கி நடந்திருக்கிறான். மறுநாள் பனி தள்ளுகிறவர்கள் அவனை வேலியோரமாக விறைத்துக் கிடக்கக் கண்டார்கள். ஒரு கையில்தான் கையுறை இருந்தது.

குடித்திருப்பான் என்றது ஊர். பாலத்துக்கு அப்பால் வெறும் தாரில் கறுப்பு ரப்பர்த் தடம் பாம்பு போல நெளிந்து கிடந்ததை நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று போலீஸ் கேட்டபோது அவன் மனைவி கார்லா, "தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குங்க பரிசோதனை?" என்று சொல்லிவிட்டாள். அறுவடைக் காலத்திலிருந்து குடியைத் தொடுவதில்லை என்று டெல்மர் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். இருபது வருஷமாக அதையே கேட்டவள் அவள்.

மார்லிஸ் அவளைவிட மோசம். அவர்களுடைய அப்பா பெரிய குடிகாரர். கால் பெடலுக்கு எட்டாத வயதிலேயே, மதுக்கடை வாசலிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டி வந்தவள் மார்லிஸ். பின்னால் புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று டகோடா பக்கம் போனவன் திரும்பவேயில்லை. அதற்குக்கூட அவள் அழுததில்லை. ஊராரின் குதிரைகளையும் கன்றுகளையும் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு. தம்பியின் சவ அடக்கத்தன்று அவள் தேவாலயத்துக்குள் வரவில்லை. கீழே சமையலறையில் நின்று பன்றித்தொடைக் கறியை ரொட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டே இருந்தாள். "மேல வாடி, மார்லிஸ்" என்று நான் கூப்பிட்டதற்கு, "குடிச்சிட்டுச் செத்தவனுக்கு நான் பாட்டு வேற பாடணுமா?" என்றாள். பக்கத்துப் பண்ணைக்காரியான எனக்கே அவளைப் பார்க்க அன்று பயமாக இருந்தது.

மார்ச்சில் அவளுடைய சொந்த வண்டியின் எஞ்சின் படுத்துவிட்டது. டெல்மரின் வண்டியைக் கொண்டுவந்தாள்.

முதல் வாரமே அது ஒரு குணம் காட்டியது. வேகம் அறுபது மைலைத் தொடும்போது எங்காவது ஒரு மேடு தட்டினால் ஸ்டீயரிங்கில் சின்னதாக ஒரு துடிப்பு வந்து தானாக அடங்கும். டயர் கடை வெண்டலிடம் கொண்டுபோனாள். அவன் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்து கொடுத்தான். ஒரு வாரம் சும்மா இருந்தது. அப்புறம் துடிப்பு மறுபடி வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் நேரம் நின்று போனது.

ஏப்ரலில் ஒரு முற்பகல். குதிரை ஒன்றை ஏற்றிவரக் காலி டிரெய்லரோடு போனோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் அடித்தது, சாலை காய்ந்து கிடந்தது. பாலத்தின் கடைசி இரும்பு இணைப்பில் முன் சக்கரம் 'டக்'கென்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஸ்டீயரிங் அவள் கையை உதறிவிட்டது. இடமும் வலமுமாக அது அடித்துக்கொண்ட வேகத்தில் அதன் கம்பிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பலகையிலிருந்த காபிக் குவளை என் மடியில் கொட்டியது. வண்டியின் முன்பாகம் மொத்தமும் காட்டு விலங்கின் வாயில் மாட்டியது போல் உதறியது. பின்னால் டிரெய்லர் சாட்டையாக ஆடியது.

"பிரேக்கைப் போடு! போடுடி!" என்று கத்தினேன்.

"வாயை மூடு ஆர்டிஸ்!"

அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்துக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்து விலகின. மாட்டு வண்டி வேகத்துக்கு வந்த பிறகுதான் நடுக்கம் நின்றது. ஒன்றுமே நடக்காதது போல வண்டி சாதுவாக உருண்டு நின்றது.

அவள் இறங்கிப் பின்பக்கமாக நடந்தாள். நானும் போனேன். பாலம் முடிகிற இடத்திலிருந்து எங்கள் வண்டி வரைக்கும், தாரில் கறுப்பு ரப்பர்த் தடம். பாம்பு போல நெளிந்து.

அவள் குனிந்து விரலால் அதைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது.

"நான் இன்னைக்குக் காபி மட்டும்தாண்டி குடிச்சேன்" என்றாள்.

குதிரையை எடுக்கப் போகவில்லை. மெதுவாக ஊர்ந்து ஊருக்குத் திரும்பி வெண்டலின் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். வெண்டல் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "டேம்பர் போயிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே ஒரு குட்டி ஷாக் அப்சார்பர் இருக்குல்ல, அதை மாத்தினா சரியாப்போயிடும்" என்றான். டார்ச்சை அடித்தான். சேறும் துருவும் மண்டிய அடிப்பாகத்தில் அந்த டேம்பர் உருளை மட்டும் புதுப் பெயின்ட் மினுங்க இருந்தது.

"இது புதுசுதானே" என்றாள் மார்லிஸ். "யாரு மாட்டினது?"

வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "டெல்மர்தான் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எங்கிட்ட வாங்கிட்டுப் போனான். ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குதுன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"வேணாம் மார்லிஸ்."

"என்ன சொன்னே, வெண்டல்?"

"ஒரு ரவுண்டு குறைச்சுக்கோடா, கை தானா நிக்கும்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான்."

அவள் வெண்டலை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையில் ஒரு அட்டையை விரித்தாள். "ஆர்டிஸ், மேல ஏறி உட்காரு. ஜாக்கி வேணாம், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். எஞ்சினைப் போட்டுட்டு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு வண்டிக்கடியில் நுழைந்தாள்.

ஆட்டினேன். கீழேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். "டை ராடு பரவாயில்லை... இந்தப் பக்கம் பால் ஜாயின்ட் கெட்டியா இருக்கு... அந்தப் பக்கமும்... இன்னும் ஆட்டு." நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடியில் எங்கோ 'டிக், டிக்' என்று பல் கடிப்பது போல ஒன்று கேட்டது.

"நிறுத்து. வெண்டல், இங்க வந்து பாரு."

முன் அச்சு பக்கவாட்டில் நகராதபடி அதை வண்டியின் சட்டத்தோடு பிணைத்து வைக்க ஒரு தடித்த தண்டு உண்டு. ட்ராக் பார் என்பார்கள். அதன் அச்சுப் பக்க முனையை ஒரு போல்ட் பிடித்திருந்தது. போல்ட் நன்றாகத்தான் இருந்தது. அது நுழைகிற ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் போல்ட் அந்த முட்டைக்குள் இங்கேயும் அங்கேயும் உருண்டது. அந்த இடைவெளி போதும். சரியான வேகத்தில் சரியான மேடு ஒன்று தட்டினால், மொத்த அச்சும் பேய் பிடித்து ஆடும்.

"பள்ளத்துல இறங்கினப்போ கிழிஞ்சிருக்கும்" என்றான் வெண்டல், பலவீனமாக.

"கிழிஞ்சா விளிம்பு பிசிறா இருக்கும். இதத் தொட்டுப் பாரு. கண்ணாடி மாதிரி வழவழன்னு தேஞ்சிருக்கு. சுத்திலும் துருப் பொடி. இது ஒரு நாள்ல ஆனதா? நீ வித்த டேம்பர் நடுக்கத்தை அமுக்கி வெச்சிருந்துச்சு. அவன் சரியாயிடுச்சுன்னு நம்பிட்டான்."

வெண்டல் வெல்டிங் பெட்டியை இழுத்து வந்தான். தேய்ந்த இடத்தை அரைத்துச் சுத்தம் செய்து, போல்ட்டுக்கு அளவான ஓட்டை உள்ள தடித்த இரும்பு வளையங்களை இரண்டு பக்கமும் வைத்துப் பற்றவைத்தான். புது போல்ட் போட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது மார்லிஸ் தன் கையாலேயே அதை முறுக்கினாள். முறுக்கி முடித்தும் ஸ்பானரை விடவில்லை.

அப்படியே பாலத்துக்குப் போனோம். என்னைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டினாள். 'டக்'கென்ற அந்தச் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி நேராக, நூல் பிடித்தாற்போல் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "கார்லாகிட்டப் போகணும்" என்றாள்.

கார்லா சமையல் மேசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். எங்களுக்கு ஊற்றிய காபியை நாங்கள் தொடவில்லை.

"அன்னைக்குக் காலையில எங்கிட்டச் சொன்னான்" என்றாள் கடைசியில். "ஸ்டீயரிங் மறுபடி ஆடுது கார்லான்னான். அது ஸ்டீயரிங் இல்லடா, நீதான் ஆடறேன்னு சொன்னேன். ஏன் மார்லிஸ் இதை வந்து சொல்றே? அவன் குடிச்சிட்டே செத்திருக்கக் கூடாதா?"

மார்லிஸ் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கை வைக்கத் தெரியாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், கோபம் வந்தவள் போல அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கால்நடைச் சந்தை நாளில், வெளியே நிற்கிற பழைய பிக்கப்புகளுக்கு அடியில் அட்டையைப் போட்டுப் படுத்துவிடுவாள். உரிமையாளர் வந்ததும் "ஏறி ஸ்டீயரிங்கை ஆட்டுங்க" என்பாள். பைத்தியம் என்றார்கள் சிலர். இரண்டு வண்டிகளில் ஓட்டை தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். இரண்டையும் வெண்டல் கூலி வாங்காமல் சரிசெய்தான்.

போன மாதம் கிழவர் ஓர்விலின் வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்து, "இதை இப்படியே ஓட்டிட்டுப் போகாதீங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொஞ்சம் ஆடினாத்தாம்மா எனக்குத் தூக்கம் வராம இருக்கு" என்று கதவைச் சாத்தினார்.

அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே சில அடி நடந்தாள். பிறகு விட்டுவிட்டாள். பின்னால் கன்றுகள் கத்த, அவர் பாலத்துச் சாலையில் திரும்பி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.