சேஸுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு லாரிக்குப் பொட்டு வைக்கும் உரிமை என்னுடையது. முன்கண்ணாடி, பம்பர், ஸ்டியரிங் என்று ஊர் பார்க்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் வைப்பது வண்டிக்கு அடியில். ஒன்பது வயதில் நான் அவ்வளவு குள்ளம். பின்சக்கரத்துக்கு முன்னால் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தால், தலை இடிக்காமல் அந்தப் பக்கம் வரை நகர்ந்து போய்விடுவேன்.

"மேல இருக்கறத எல்லாரும் பாக்கறாங்க. அடியில இருக்கறதுதாம்மா வண்டிய தாங்குது. அதுக்கு வையி" என்று சொல்லி அப்பாதான் இந்த வேலையைப் பழக்கிவிட்டார். வண்டியின் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். அதைத்தான் சேஸ் என்பார்கள். எஞ்சினும், டிரைவர் உட்காரும் கேபினும், பின்னால் ஏற்றுகிற பாரமும் அதன் மேல்தான் நிற்கின்றன. சாணுக்கு ஒன்றாக அதில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போவேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்பதாலேயே ரொம்பக் கவனமாக வைப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த லாரி என்னைவிட மூத்தது. கச்சிராயபாளையத்துக் கரும்பை ஆலைக்குக் கொண்டுபோகும். கரும்பு இல்லாத நாளில் கல்வராயன் மலைக்கு ஏறி மரவள்ளிக் கிழங்கை இறக்கிவரும். கரும்புச் சாறும் கிழங்கோடு வரும் ஈரமண்ணும் மாறி மாறி ஒழுகி, சேஸைத் துரு தின்றுவிட்டது. உளுந்தூர்பேட்டையில் ஒரு மெக்கானிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது தட்டின இடமெல்லாம் அப்பளம் போல உதிர்ந்ததாம். இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடிக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, "வெல்டிங் புடிக்கறதுக்கு நல்ல இரும்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கணுமேங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அப்பாவோடு வண்டியில் போய்வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. யாருக்காவது விற்றுவிடலாம் என்பது அவர் கட்சி. அம்மாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது, காயலான் கடை. அப்பா மலைக்குப் போன நாட்களில் அம்மா சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு சேஸ் உடைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாம ஏறக்கூடாதுன்ற வண்டியில அடுத்தவன் மட்டும் ஏறலாமாடா?" என்று மாமாவைக் கேட்டாள்.

"வாங்கறவன் பாத்துதானக்கா வாங்கறான். வூட்ல வச்சிக்கினு பூஜையா பண்றது?" என்றார் மாமா.

அந்த வண்டியை விட்டால் அப்பாவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. காயலான் கடையில் இரும்பாக நிறுத்துப் போடுவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. கடைசியில் மாமா நைனார்பாளையத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்தார். விஜயதசமி நல்ல நாள், அன்று காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பூஜைக்கு முதல் நாள் அப்பாவும் மாமாவும் வண்டியைக் கழுவி, அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"அடியில வேணாம்மா. பெயிண்டு காயல. முன்னாடி மட்டும் வையி" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரும் பூசணிக்காய் உடைக்கப் போன நேரத்தில் சாக்கை விரித்து உள்ளே நழுவிவிட்டேன். பெயிண்ட் காய்ந்துதான் இருந்தது. வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டை அழுத்தி வைத்தபோது விரல் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. இரும்புக்குள் என் விரல். வெளியே எடுத்தால் அங்கே ஒரு ஓட்டை.

லாரியை நான் உடைத்துவிட்டேன். அதுவும் அப்பா வேண்டாமென்று சொன்ன பிறகு. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அந்த ஓட்டையில் அப்பி, மேலே பெரிதாகக் குங்குமத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று எனக்குப் பொரிகூட இறங்கவில்லை.

மறுநாள் நைனார்பாளையத்துக்காரர் தன் மகனோடு பைக்கில் வந்தார். மகனுக்கு இருபது வயது இருக்கும். கூச்ச சுபாவம். லாரிக்கு முன்னால் நின்று போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டான். அவன்தான் ஓட்டப் போகிறானாம், கனரக லைசென்ஸ் அப்போதுதான் கையில் வந்திருக்கிறதாம். பெரியவர் டயரை உதைத்துப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், பிறகு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"அடியிலகூட பொட்டு வச்சிருக்கே. யாரு வச்சது?"

அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "எம் பொண்ணுங்க" என்றார்.

"சின்னப் பொண்ணு கை பட்ட வண்டி. ராசியான வண்டிதான். இவன் மலையில ஓட்டிக்கினு போனா எனக்குப் பயமில்ல" என்று சொல்லி அவர் என் தலையில் கை வைத்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கை தலையில் பட்டதும் ஓவென்று அழுதுவிட்டேன். "நான் வண்டிய ஒடச்சிட்டேங்க. வெரல் உள்ள போயிடுச்சி. சந்தனத்த வச்சி மூடிட்டேன்."

மாமா சிரித்தார். "சின்னப்புள்ள இன்னாவோ ஒளறுதுங்க. வெரலு பட்டு சேஸ்ல ஓட்டை வுழுமா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் பெரியவர். மகனிடம் பைக் சாவியை வாங்கினார். நான் காட்டிய பொட்டில் குத்தினார். சந்தனம் விழுந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் வண்டி பாடியில் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற லப்பம் கட்டி கட்டியாக விழுந்தது. கடைசியில் என் உள்ளங்கை போகும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. அந்தப் பையன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமா வாய் திறக்குமுன் அப்பா பேசினார். "இந்த வண்டி மலைக்கு ஆவாதுங்க. நீங்க வாங்காதீங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணுங்க" என்றார் அப்பா. அம்மா டீ கொண்டுவந்தாள். பெரியவர் வேண்டாமென்றுதான் சொன்னார், ஆனால் அம்மா தம்ளரை நீட்டியபடியே நின்றதால் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. "எந்த வெரலு?" என்று கேட்டார். காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. லாரிக்காக என்று நினைத்து, "இனிமே வைக்க மாட்டேம்ப்பா" என்றேன்.

அந்த வாரமே லாரி காயலான் கடைக்குப் போனது. நல்ல உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு சேஸைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அப்பா வேறொருவர் டிராக்டரை ஓட்டப் போனார், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலில் உட்காருவது நின்றது. இன்றும் வீட்டில் இந்தக் கதை வந்தால் லப்பம் மாமாவின் திருட்டுத்தனம் என்றுதான் எல்லாரும் கிண்டல் செய்கிறோம். மாமா மறுப்பதே இல்லை, கூடவே சிரிக்கிறார். அப்பாவின் நகக்கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு உறைத்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

விஜயதசமியன்று அவர்கள் போன பிறகு அம்மா திடீரென்று கேசரி கிண்டினாள். அடியிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அப்பாவும் இரண்டு தட்டு சாப்பிட்டார். அவருக்கு எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.