ஆண்கள் பக்கம் உட்கார்ந்த டீச்சர்

போன வாரம் தாம்பரத்தில் என் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு பையன் வந்தார். பையன் என்றா சொன்னேன்? ஐம்பதைத் தாண்டியவர். ஆனால் அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல வருகிற எல்லோரும் எனக்குப் பையன்தான். சாமுவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை சிங்கப்பெருமாள் கோவிலில், ஃப்ளாட் பெருங்களத்தூரில்.

அவருடைய அம்மா ரிட்டயர்டு டீச்சர். கணவர் இறந்த பிறகு கீழ்க்கட்டளையில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மறதி ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹைகோர்ட்டில் மனு போட்டு, அம்மாவுக்குத் தன்னைக் கார்டியனாக நியமிக்க வைத்து, அவரை ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போய், வீட்டைப் பூட்டிவிட வேண்டும் — இதுதான் சாமுவேலின் திட்டம். கோவையில் இருக்கும் தங்கை இதை எதிர்க்கிறார். அம்மா தன்னிடம்தான் வர வேண்டுமாம்.

சரி, டீச்சர் என்ன சொல்கிறார்? அதை இரண்டு பேருமே கேட்கவில்லை.

கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டதைச் சொன்னார் சாமுவேல். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன ஆதாரம் வேறு.

"சர்ச்ல ஆம்பளைங்க பக்கம் வந்து உக்கார்றாங்க மேடம்."

அவர்கள் சர்ச்சில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இத்தனை வருஷம் பெண்கள் பக்கம் உட்கார்ந்தவர் திடீரென்று மாறினால் மூளை குழம்பிவிட்டது என்று அர்த்தமாம். டீச்சரைத் தனியாகப் பார்க்காமல் மனுவில் ஒரு வரி எழுத மாட்டேன் என்றேன். அரை மனசாகச் சம்மதித்தார்.

சனிக்கிழமை கீழ்க்கட்டளைக்குப் போனேன். சாமுவேல் தெருவிலேயே பைக்கோடு நின்றுகொண்டார். நான் யாருடைய வக்கீல் என்பதை வாசலிலேயே டீச்சரிடம் சொன்னேன். தலையாட்டினார். காபி கொடுத்தார். சர்க்கரை போடலாமா என்று கேட்டார்... கொஞ்சம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். மறதி இருக்கிறது. இல்லையென்று நான் சொன்னால் அது பொய்.

சர்ச்சைப் பற்றிக் கேட்டேன்.

"அது அவரு உக்காந்த இடம்மா. இப்ப அங்க யாரோ ஹெல்மெட்டைக் கொண்டாந்து வெக்கிறாங்க. என்னால பாக்க முடியல. நானே போய் உக்காந்துட்டேன்."

இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? புருஷன் போன துக்கம்தான் இருக்கிறது.

அப்புறம் டீச்சர் என் முகத்தையே பார்த்தார். "நீ யாரோட வக்கீல்?"

"உங்க பையனோட வக்கீல் டீச்சர். நீங்க சொல்றத உங்களுக்கு எதிராவே நான் பேச வேண்டி வரலாம்."

"அப்ப எனக்கு யாரு?"

நானே வருகிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. கூடாது. என்னை நம்பி வீட்டு விஷயம் முழுவதையும் கொட்டியவர் சாமுவேல். அவரை விட்டுவிட்டு எதிரில் போய் நிற்பது துரோகம். இரண்டு பேருக்கும் நானே வக்கீல் என்பது அதைவிட மோசம். ஆனால் டீச்சருக்கு யாருமே இல்லாத ஒரு மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வெளியே வந்து சாமுவேலிடம் அதையே சொன்னேன். டீச்சருக்கென்று தனி வக்கீலை நியமிக்கும்படி நாமே கோர்ட்டைக் கேட்க வேண்டும். நீதிபதி அவரிடம் நேரில் பேச வேண்டும். டீச்சரால் முடியாத காரியங்களுக்கு மட்டும்தான் கார்டியன். எங்கே இருப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அவருக்கு வக்கீலா, அவர் அம்மாவுக்கு வக்கீலா என்று கேட்டார். கோபம். உங்களுக்குத்தான் என்றேன். பிறகு ஹெல்மெட் விஷயத்தைச் சொன்னேன்.

சாமுவேல் பைக் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"நான்தான் மேடம் வெக்கிறேன். அப்பா இடத்துல வேற யாரும் உக்காந்துடக் கூடாதுன்னு..."

ஒரே துக்கம், ஒரே பெஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் பெரியவர்களுக்காகச் சண்டை போட எத்தனை பேர்! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் சொன்னபடியே மனு தயாராகிறது. டீச்சருக்கு வரப்போகும் வக்கீல் யாரென்று இன்னும் தெரியாது. யாராக இருந்தாலும் என்னைத் திணறடிக்க வேண்டும் — எதிர்த்தரப்பு பலமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை!